விண்வெளிப் பயணம் மனித உடலை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளியில் உடல் நோயுறுகிறது என்பதைவிட, தான் வந்து சேர்ந்த இடத்துக்கு ஏற்றபடி அது தன்னை மாற்றிக்கொள்கிறது என்று சொல்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த மாற்றங்களில் பல, அங்கேயே தங்குபவருக்குத் தொல்லை தருவதில்லை. தரைக்குத் திரும்பும்போதுதான் தொல்லையாகின்றன. கதிர்வீச்சு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கீழே உள்ள பதில்களை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படித்தால் எளிதில் விளங்கும்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால்தானே வீரர்கள் மிதக்கிறார்கள்?

இல்லை. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே புவியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதனுள் இருப்பவர்களும் ஒரே வேகத்தில் புவியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் பக்கவாட்டில் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், விழுந்தும் தரையைத் தொடாமல் புவியைச் சுற்றிவருகிறார்கள். எல்லாம் சேர்ந்து விழும்போது காலைத் தாங்கத் தளம் இல்லை, முதுகெலும்பை அழுத்தப் பாரம் இல்லை, இரத்தத்தைக் காலுக்கு இழுக்க ஒன்றும் இல்லை. உடல் உணர்வது ஈர்ப்பை அன்று, இந்தத் தாங்குதலையும் அழுத்தத்தையும்தான். அவை இல்லாமற்போவதையே எடையின்மை என்கிறோம்.

முதல் சில நாட்களில் என்ன நடக்கும்?

பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குமட்டலும் தலைவலியும் சோர்வும் வரும். சிலர் வாந்தி எடுப்பார்கள். உட்செவியில் உள்ள நுண்ணிய கற்கள் தரையில் கீழ்நோக்கி அழுந்தி, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. எடையின்மையில் அந்தச் செய்தி வருவதில்லை. கண்ணோ வேறொன்றைச் சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று மூளை முடிவுசெய்ய இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. 1961 ஆகஸ்டில் வஸ்தோக் 2 கலத்தில் சென்ற கெர்மன் தித்தோவ்தான் இதை முதலில் அனுபவித்தவர். ஒரு நாளுக்கும் மேலாக விண்வெளியில் இருந்தவரும், அங்கே முதன்முதலில் உறங்கியவரும் அவரே. தரையில் வாகனப் பயணத்தில் குமட்டல் வராதவருக்கு அங்கும் வராது என்று சொல்ல முடிவதில்லை.

இதே நாட்களில், கால்களில் இருந்த நீர்மம் ஏறத்தாழ இரண்டு லிட்டர் வரை மேல்நோக்கி நகர்கிறது. முகம் உப்பும், மூக்கு அடைக்கும், கால்கள் மெலியும். சளி பிடித்தவரைப் போல மூக்கடைப்புடன் சாப்பிடுவதால் உணவின் சுவை மங்கி, பலர் காரமான உணவைத் தேடுகிறார்கள். மேலுடம்பில் நீர்மம் மிகுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் உடல், இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்துவிடுகிறது. தாகமும் குறைகிறது. அங்கே இருக்கும்வரை இது பொருத்தமான ஏற்பாடுதான்.

எலும்பு உண்மையிலேயே கரைகிறதா?

ஆம். எலும்பு தூணைப் போல ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட பொருள் அன்று. ஒருவகை உயிரணுக்கள் அதை அரித்துக்கொண்டே இருக்க, மற்றொரு வகை உயிரணுக்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. எந்த இடத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்த இடம் தாங்கும் பாரமே தீர்மானிக்கிறது. பாரம் இல்லாதபோது அரிப்பு தொடர்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. இடுப்பு, தொடை எலும்பின் மேற்பகுதி, கீழ் முதுகெலும்பு ஆகிய பாரம் தாங்கும் இடங்களில், தக்க உடற்பயிற்சி இல்லையென்றால் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பு அடர்த்தி குறைகிறது. முதுமையில் ஓராண்டில் குறையக்கூடிய அளவு இங்கே ஒரு மாதத்தில் குறைகிறது. தரையில்கூடப் பெரிதாகப் பாரம் தாங்காத மண்டையோட்டில் இந்த இழப்பு இல்லை. உடல் கணக்குப் பார்த்துத்தான் செலவைக் குறைக்கிறது.

கரைந்த சுண்ணாம்புச் சத்து இரத்தம் வழியாகச் சிறுநீருக்குப் போவதால் சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. மருத்துவமனை இல்லாத இடத்தில் சிறுநீரகக் கல் என்பது சிறிய விஷயம் அன்று. தரையில் எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கப்படும் பிஸ்பாஸ்பனேட் வகை மருந்தை உடற்பயிற்சியுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பயன் தெரிந்திருக்கிறது.

திரும்பிய பின் எலும்பு மீள்வது மெதுவாகத்தான் நடக்கும். 17 வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் கணுக்கால் அருகிலுள்ள கீழ்க்கால் எலும்பு பழைய நிலைக்கு வரவில்லை. அடர்த்தி திரும்பினாலும் உள்ளே அறுந்துபோன நுண்ணிய இணைப்புகள் அதே வடிவில் திரும்புவதில்லை என்பதே மருத்துவர்களின் பெரிய கவலை.

எடையே இல்லாத இடத்தில் எடை தூக்கிப் பயிற்சி செய்வது எப்படி?

எடைக்குப் பதிலாக வெற்றிட உருளைகளை இழுக்கிறார்கள். காற்று நீக்கப்பட்ட உருளைக்குள் இருக்கும் அழுத்தியை வெளியே இழுக்க விசை வேண்டும். அந்த விசையைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டால் குந்தி எழுவது, எடை தூக்குவது எல்லாம் முடியும். ஓடுவதற்கான டிரெட்மில்லில் தோளிலும் இடுப்பிலும் பட்டைகளைக் கட்டி உடலைத் தளத்தை நோக்கி இழுத்துவைக்கிறார்கள். சைக்கிளும் உண்டு. இருக்கை இல்லாத சைக்கிள்தான். உட்கார வேண்டிய தேவை அங்கே இல்லை. கருவிகளைப் பொருத்திக் கழற்றும் நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் வரை இதற்கு ஒதுக்கப்படுகிறது.

இது வீண் கட்டுப்பாடு அன்று என்பதை 1970ஆம் ஆண்டின் சோயூஸ் 9 பயணம் காட்டியது. ஒடுக்கமான கலத்தில், முறையான பயிற்சிக் கருவிகள் இன்றி ஏறத்தாழ 18 நாட்கள் இருந்த நிக்கோலாயெவ், செவஸ்தியானவ் இருவரும் தரையிறங்கியபோது தாமாக எழுந்து நடக்க முடியாத நிலையில் இருந்தார்கள். இன்று அதைப்போல பத்து மடங்கு காலம் இருந்துவிட்டு வருபவர்கள் அவர்களைவிட நல்ல நிலையில் இறங்குவதற்குப் பயிற்சியே முதற்காரணம்.

கண்பார்வை கெடுகிறது என்கிறார்களே?

நீண்ட காலம் தங்குபவர்களில் கணிசமானோருக்குக் கண்ணில் மாற்றம் வருகிறது. விழிக்கோளத்தின் பின்பக்கம் சற்றுத் தட்டையாகிறது, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் வீங்குகிறது, விழித்திரைக்குப் பின்னுள்ள படலத்தில் மடிப்புகள் விழுகின்றன. விழிக்கோளம் தட்டையானால் அதன் நீளம் குறைந்து, அருகில் இருப்பதைப் படிக்கச் சிரமமாகும். அதனால் கூடுதல் திறனுள்ள மூக்குக் கண்ணாடியையும் பயணப் பொருட்களோடு எடுத்துச் செல்கிறார்கள். ஆறு மாதம் தங்கிய 7 வீரர்களைப் பற்றி 2011இல் வெளியான மருத்துவக் கட்டுரைக்குப் பிறகுதான் இதற்குத் தனிக் கவனம் கிடைத்தது. அதற்கு முன்பும் பார்வை மங்கியதாக வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். வயதானால் வெள்ளெழுத்து வருவது இயல்பு என்று அது கடந்துபோயிற்று.

காரணம் முழுமையாக முடிவாகவில்லை. தலைக்கு ஏறிய நீர்மம் மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்தத்தைக் கூட்டி, அது பார்வை நரம்பின் உறை வழியாகக் கண்ணை முன்னோக்கித் தள்ளுகிறது என்பதே நெடுநாள் விளக்கம். அழுத்தம் மிகவும் கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் தரையில் நாம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அது குறைகிறது, அங்கே அப்படிக் குறையும் வேளையே வருவதில்லை. சிறிதே ஆனாலும் இடைவிடாத அழுத்தம் என்பது எனக்கு ஏற்புடைய விளக்கமாகப் படுகிறது. கீழுடம்பைச் சுற்றி உறிஞ்சு அழுத்தம் உண்டாக்கி, நீர்மத்தைக் காலுக்கு இழுக்கும் கருவிகள் இதற்காக ஆராயப்பட்டு வருகின்றன.

இதயமும் இரத்தமும் எப்படி மாறுகின்றன?

மேல்நோக்கி இரத்தத்தை ஏற்றும் வேலை இல்லாததால் இதயத்தின் உழைப்பு குறைகிறது. அது சற்றே உருண்டை வடிவம் பெறுகிறது, தசையும் கொஞ்சம் குறையலாம். சிவப்பணுக்களும் குறைகின்றன. தரையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் அழிந்து, அதே அளவு பிறக்கின்றன. ஆறு மாதம் தங்கிய 14 வீரர்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், அழியும் எண்ணிக்கை அங்கே நொடிக்கு 30 லட்சமாக இருந்தது.

எவரும் எதிர்பாராத ஒன்று கழுத்தின் இரத்தக்குழாயில் கிடைத்தது. 11 வீரர்களை ஸ்கேன் செய்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 6 பேருக்குக் கழுத்தின் பெரிய சிரையில், அதாவது தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தக்குழாயில், இரத்தம் தேங்கியோ எதிர்த்திசையில் ஓடியோ இருந்தது. ஒருவருக்கு இரத்தம் உறைந்தே இருந்தது. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆய்வுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. நிலையத்தில் இருந்த ஊசி மருந்தைத் தரையிலிருந்த மருத்துவர்களின் வழிகாட்டுதலோடு அளவு பார்த்துப் போட்டுச் சமாளித்து, பின்னர் சரக்குக் கலத்தில் மாத்திரை வரவழைக்கப்பட்டது. சரக்குக் கலம் போக முடியாத தொலைவில் இது நடந்திருந்தால் என்ன செய்வது என்பது இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி.

விண்வெளியில் உயரம் கூடுமா?

கூடும். முதுகெலும்பின் வளைவு நிமிர்வதாலும், அதன் இடைத்தட்டுகள் அழுத்தம் நீங்கி விரிவதாலும் சில சென்டிமீட்டர், அதாவது 3 சதவீதம் வரை உயரலாம். திரும்பியதும் பழைய உயரம் வந்துவிடும். இதனால் முதல் நாட்களில் முதுகுவலி வருவது உண்டு. விண்வெளி உடையைத் தைக்கும்போதும் இதற்கு இடம் விட்டாக வேண்டும்.

கதிர்வீச்சு எவ்வளவு ஆபத்தானது?

இதற்கு மட்டும் உடலிடம் தகவமைப்பு இல்லை. கதிர்வீச்சு உடலில் உண்டாக்கும் தாக்கத்தை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். தரையில் இயற்கையாக நம்மீது படும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதத்தில், சூரியனின் நிலையைப் பொறுத்து, ஏறத்தாழ 80 முதல் 160 மில்லிசீவர்ட் வரை படும். நிலையம் புவியின் காந்தப்புலத்துக்குள் இருக்கும்போதே இவ்வளவு. கியூரியாசிட்டி ஊர்தி 2011–12இல் செவ்வாய்க்குச் சென்ற வழியில், அதனுள் இருந்த கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் அளந்தது. போக ஆறு மாதம், வர ஆறு மாதம் என்று கணக்கிட்டாலே, நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வகுத்துள்ள 600 மில்லிசீவர்ட் வரம்பு தாண்டிவிடும்.

இந்தக் கதிர்வீச்சு இருவகை. சூரியனிலிருந்து திடீரென வரும் புயலைத் தடித்த சுவருக்குப் பின்னே ஒதுங்கி ஓரளவு சமாளிக்கலாம். 1972 ஆகஸ்டில் அப்படியொரு பெரும்புயல் வீசியது. ஏப்ரலில் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 16க்கும் டிசம்பரில் சென்ற அப்பல்லோ 17க்கும் நடுவே அது விழுந்தது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். மற்றொன்று விண்மீன் மண்டலத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஓயாமல் வரும் அண்டக்கதிர். இதில் உள்ள கனமான அணுக்கருக்கள் கலத்தின் சுவரையும் உடலையும் துளைத்துச் செல்கின்றன. கண்ணை மூடியிருக்கும்போதும் ஒளி மின்னியதாக அப்பல்லோ வீரர்கள் சொன்னது இவற்றின் வேலைதான். உலோகச் சுவரைத் தடிமனாக்கினால் இவை அதில் மோதிச் சிதறிப் புதிய துகள்களைப் பிறப்பிக்கும். எனவே ஹைட்ரஜன் மிகுந்த தண்ணீரும் பாலித்தீனும் நல்ல தடுப்புகளாகக் கருதப்படுகின்றன.

புற்றுநோய் வாய்ப்பு கூடுவதும் கண்புரை வருவதும் முதன்மையான அச்சங்கள். இதுவரை சென்றவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், யாருக்கு எவ்வளவு என்று உறுதியாகக் கணிக்கப் போதிய தரவு இல்லை.

இரட்டையர் ஆய்வில் மரபணுவே மாறிவிட்டதாகப் படித்தேன். அது உண்மையா?

உண்மை இல்லை. ஸ்காட் கெல்லி 2015–16இல் 340 நாட்கள் விண்வெளி நிலையத்தில் இருந்தபோது, அவருடைய ஒற்றைக்கரு இரட்டையரான மார்க் கெல்லி தரையில் இருந்தார். இருவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. மாறியவை மரபணுக்கள் அல்ல, அவற்றுள் எவை எந்த அளவுக்கு இயங்குகின்றன என்பதே. அந்த மாற்றங்களிலும் பெரும்பகுதி திரும்பிய ஆறு மாதங்களுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. குரோமோசோம்களின் நுனியில் உள்ள, வயதாக ஆகக் குறுகும் டெலோமியர்கள் அங்கே நீண்டது வியப்பான செய்தி. தரைக்கு வந்தவுடன் அவை விரைவாகக் குறுகின. இது இளமை திரும்பியதற்கு அடையாளம் என்று பரப்பப்பட்டது. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒருவரிடம் கண்டதை எல்லோருக்கும் பொதுவாக்கவும் முடியாது.

கவச உடை இல்லாமல் வெளியே போனால் உடல் வெடித்துவிடுமா?

வெடிக்காது, உடனே உறையவும் செய்யாது. வெற்றிடத்தில் வெப்பத்தை எடுத்துச்செல்லக் காற்று இல்லை. பத்துப் பதினைந்து நொடிகளில் மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் நினைவு தப்பும், உடல் வீங்கும், ஓரிரு நிமிடங்களில் காப்பாற்றாவிட்டால் உயிர் போகும். மூச்சை அடக்கிக்கொள்வது மிகத் தவறு. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். 1966இல் நாசாவின் சோதனை அறையொன்றில் உடையின் காற்றுக்குழாய் கழன்றதால் ஒருவர் ஏறத்தாழ 15 நொடிகளில் மயங்கினார். அறையில் காற்று நிரப்பப்பட்டதும் பிழைத்துக்கொண்ட அவர், நாக்கில் எச்சில் கொதிப்பதை உணர்ந்ததே தமக்குக் கடைசி நினைவு என்றார். 1971 ஜூனில் சோயூஸ் 11 கலத்தின் மூவருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை; திரும்பும் வழியில் ஓர் அடைப்பிதழ் திறந்து காற்று வெளியேறியதால் இறந்தார்கள்.

தூக்கமும் மனநிலையும் எப்படி இருக்கும்?

90 நிமிடத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றுவதால் நாளொன்றுக்கு 16 முறை சூரியன் உதிக்கிறது. எனவே கடிகாரத்தையும் விளக்குகளையும் நம்பித்தான் தூங்க வேண்டும். எட்டரை மணி நேரம் ஒதுக்கப்பட்டாலும் சராசரியாக ஆறு மணி நேரமே தூங்குகிறார்கள். பலர் தூக்க மாத்திரையை நாடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. சூடான காற்று மேலெழுவது அங்கே நடக்காததால், விசிறி ஓடாவிட்டால் விட்ட மூச்சே முகத்தைச் சுற்றித் தேங்கித் தலைவலி தரும்.

அழுதால் கண்ணீர் வழியுமா?

வழியாது. கண்ணின் மேல் ஒரு குமிழியாகச் சேர்ந்து நிற்கும். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நிற்காத பாதத்தின் அடித்தோல் மாதங்கள் செல்லச்செல்லக் குழந்தையின் பாதம்போல மென்மையாகி உரிந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளில் காலைக் கொளுவிக்கொண்டே இருப்பதால் பாதத்தின் மேற்புறம் காய்த்துப்போகும்.

விண்வெளிக்குச் சென்றவர்களுக்குப் பின்னர் குழந்தை பிறக்குமா?

பிறந்திருக்கின்றன. 1963இல் சென்ற முதல் பெண்ணான வலந்தீனா தெரெஷ்கோவாவும் வீரரான நிக்கோலாயெவும் மணந்து, அடுத்த ஆண்டே அவர்களுக்கு நலமான மகள் பிறந்தாள். விண்வெளியிலேயே கருவுற்று வளர்வது வேறு கேள்வி. மனிதரிடம் அது நடந்ததே இல்லை.

திரும்பியவர்களை ஏன் தூக்கிக்கொண்டு போகிறார்கள்?

பெரும்பாலும் முன்னெச்சரிக்கைக்காகத்தான். 2024 ஜூனில் சில நாட்களுக்கென்று சென்று, 286 நாட்கள் கழித்து 2025 மார்ச்சில் திரும்பிய சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் தூக்குப் படுக்கையில் ஏற்றப்பட்டதைப் பார்த்துப் பலர் பதறினார்கள். நீண்ட பயணம் முடித்து வரும் எல்லோருக்கும் அதுவே வழக்கம். எடையின்மைக்கு ஏற்றபடி குறைந்துபோன இரத்த அளவு, எழுந்து நிற்கும்போது மூளைக்குப் போதாது, மயக்கம் வரும். இதற்காகவே இறங்குமுன் உப்பும் தண்ணீரும் அருந்தி, கால்களை இறுக்கும் உடையையும் அணிகிறார்கள். எடையின்மைக்குப் பழகிய உட்செவி, சிறிதாகத் தலையைத் திருப்பினாலும் உலகமே சுழல்வதுபோலக் காட்டும். நடை சில நாட்களில் சீராகும், தசை சில வாரங்களில் தேறும், எலும்புக்கு ஆண்டுகள் வேண்டும்.

1995 மார்ச்சில், ஒரே பயணத்தில் 437 நாட்கள் இருந்துவிட்டு இறங்கிய வலேரி பொல்யகோவ், கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலிவரை நடந்தே சென்றார். அவர் ஒரு மருத்துவர். செவ்வாயில் இறங்குபவரைத் தாங்கிப் பிடிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், நீண்ட பயணத்துக்குப் பின்னும் மனிதன் தானாக இயங்க முடியும் என்று காட்ட விரும்பினார்.

கலத்தையே சுழற்றிச் செயற்கை ஈர்ப்பை உண்டாக்கினால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

எலும்பு, தசை, நீர்மம் ஆகியவற்றின் சிக்கல்களில் பெரும்பகுதி தீரலாம், கதிர்வீச்சு தீராது. தடை பொறியியலில் இருக்கிறது. வேகமாகச் சுழன்றால் தலையைத் திருப்பும்போதெல்லாம் குமட்டும். பெரும்பாலோர் எளிதில் தாங்கக்கூடிய நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்ற வேகத்தில் தரையின் ஈர்ப்பைப் பெற, மையத்திலிருந்து ஏறத்தாழ 224 மீட்டர் தொலைவில் வாழ வேண்டும். அவ்வளவு பெரிய கட்டமைப்பை இதுவரை எவரும் கட்டவில்லை. ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய சிறிய சுழல் கருவியில் நாளுக்கு அரைமணி நேரம் படுத்தால் போதுமா என்று 2019இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் சோதித்தார்கள். எடையின்மையின் விளைவுகளைத் தரையிலேயே உண்டாக்க, தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் தன்னார்வலர்கள் 60 நாட்கள் படுத்தே கிடந்தார்கள். அந்த அரைமணி நேரம் போதுமானதாக இருக்கவில்லை.

செவ்வாயின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 38 சதவீதம், நிலவில் ஆறில் ஒரு பங்கு. எலும்பைக் காக்க இந்த அளவு போதுமா என்பதற்கு விடை இல்லை. நிலவில் மிக நீண்ட காலம் நின்ற அப்பல்லோ 17 குழுவினரே அங்கே இருந்தது மூன்று நாட்கள்தான்.